குந்தாச் என்று சொன்னவர் யார்? - அபூர்வ இத்தாலியக் கார்களும் அவற்றின் வரலாறெழுதியலும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் வரப்போகும் கார்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஏலப் பட்டியல்களிலும் புகைப்படங்களிலும் வழக்குச் செய்திகளிலும் பார்த்ததோடு சரி. இப்படியொன்றை எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர், 'பணக்காரன் பொம்மையப் பத்தி நீங்க எதுக்குங்க எழுதணும்? நம்ம பத்திரிகைல பக்கம் என்ன சும்மாவா கெடக்கு?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலைக் கட்டுரையின் போக்கில் அவர் கண்டுகொள்வார் என்று நம்புகிறேன்.

என்னை இழுத்தது காரல்ல, காரைச் சுற்றி நடக்கும் வாசிப்பு. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் மூலபாடத் திறனாய்வு என்றொரு தாள் இருந்தது. எந்த ஏடு பழையது, எந்தப் பாடம் ஏடெழுதியவரின் கைப்பிழை, எது பின்னால் வந்த இடைச்செருகல், இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் அவற்றின் தாய் ஏடு ஒன்றா என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டோம். மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றும் அதில் பந்தயமாக இல்லை. பல வருடம் கழித்து ஒரு பழைய ஃபெராரியின் ஏலப் பட்டியலைப் புரட்டியபோது, அதே வேலையை இரும்பின்மேலும் அலுமினியத்தின்மேலும் சிலர் செய்துகொண்டிருப்பதைக் கண்டேன். சேஸி எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், கதவின் உட்பலகைக்குப் பின்னால் இருக்கும் பாடி எண், தொழிற்சாலையின் அசெம்பிளித் தாள், முதல் விற்பனை ரசீது, கைமாறிய கடிதங்கள். ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து, எங்கே வெட்டு, எங்கே ஒட்டு என்று தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தின்மேல் பல நூறு கோடி ரூபாய் தொங்குகிறது என்பதுதான் வித்தியாசம்.

ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பந்தயக் காரை எடுத்துக்கொள்வோம். 1962க்கும் 1964க்கும் இடையில் செய்யப்பட்டவை மொத்தம் 36. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தப் பந்தயப் பிரிவில் ஓட வேண்டுமென்றால் குறைந்தது 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. இது புதிய காரே அல்ல, ஏற்கெனவே நாங்கள் செய்துவரும் 250 ஜிடியின் திருத்திய வடிவம் என்று வாதிட்டு ஃபெராரி அனுமதி வாங்கிவிட்டார். பெயரில் உள்ள 'ஓ' என்ற எழுத்து 'அங்கீகரிக்கப்பட்டது' என்ற இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. ஆக, இன்று கொண்டாடப்படும் அபூர்வத்தன்மை என்பது அன்றைய ஒரு விதிமீறலின் எச்சம்.

அன்று அதன் விலை அமெரிக்காவில் 18,000 டாலர் அளவு. பந்தயத்தில் காலாவதியானதும் மதிப்பிழந்தது. இவற்றில் ஒன்று 1960களில் டெக்ஸாஸில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளிக்குக் கொடையாகப் போனது. மெக்கானிக் வகுப்பில் பையன்கள் கழற்றி மாட்டிப் பழகுவதற்காக! 1972இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றுவிட்டது. பிறகு பல வருடம் ஒஹையோவில் ஒரு திறந்தவெளியில் டிரெய்லர்மேல் மழையிலும் பனியிலும் கிடந்தது. இதே வகையில் ஒன்று 2014இல் 3 கோடியே 81 லட்சம் டாலருக்கும், இன்னொன்று 2018இல் 4 கோடியே 84 லட்சத்துக்கும், மற்றொன்று 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 17 லட்சத்துக்கும் ஏலம் போயின. கடைசித் தொகை நம் பணத்தில் நானூறு கோடிக்கு மேல். பள்ளிக்கூடத்தில் கிடந்த காருக்கும் ஏல மேடையில் நின்ற காருக்கும் பொருளளவில் என்ன வித்தியாசம்? அதே மூன்று லிட்டர் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்தானே? அதைச் சுற்றி எழுதப்பட்ட பிரதி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

சேகரிப்பாளன் பொருளைப் 'பயன்பட்டாக வேண்டும்' என்ற அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறான் என்று வால்டர் பெஞ்சமின் கருதினார். புத்தகப் பைத்தியமான அவருக்குச் சேகரிப்பாளர்கள்மேல் ஓர் அனுதாபம் உண்டு. எதுவார்ட் ஃபுக்ஸ் என்ற இடதுசாரிச் சேகரிப்பாளரைப் பற்றி 1937இல் நீண்ட கட்டுரையே எழுதினார். ஆனால் ஃபுக்ஸ் சேகரித்தவை பெருமளவு கேலிச்சித்திரங்கள், பாலியல் படங்கள், வெகுஜன அச்சுகள். கலை வரலாறு குப்பை என்று ஒதுக்கியவற்றை அவர் பொறுக்கினார். இங்கே நடப்பது அதுவல்ல. பயனிலிருந்து விடுபட்ட கார் உடனடியாக இன்னொரு பயனுக்குள், அதாவது பணம் பதுங்கும் இடமாக இருப்பது என்ற பயனுக்குள், போய்ச்சேர்கிறது. ஓடினால் கிலோமீட்டர் கூடும், மதிப்பு குறையலாம். எனவே பல கார்கள் ஓடுவதில்லை. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகச் செய்த ஒன்று குளிரூட்டிய அறையில் நிற்கிறது.

இது நமக்குத் தெரிந்த விமர்சனம். சரக்கு மாயை என்று ஒரு சொல்லைப் போட்டு இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் வரலாறு தேடுகிறவர்களின் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் விஷயம் இவ்வளவு லேசாக இல்லை.

ஓர் உதாரணம். 0384 ஏஎம் என்ற சேஸி எண் கொண்ட 1954ஆம் வருடத்து ஃபெராரி 375 பிளஸ். பந்தயங்களில் ஓடிக் களைத்தபின் 1958இல் ஒஹையோவில் ஒருவர் கைக்கு வந்தது. பிரித்துப் போட்டபடி அவர் இடத்திலேயே கிடந்தது. 1980களில் அதன் உடல் திருடுபோய்க் கடல் தாண்டி பெல்ஜியத்தில் தலைகாட்டியது. திருடர்கள் விட்டுவைத்த சில பாகங்கள் ஒஹையோவிலேயே இருந்தன. ஒரே எண்ணுக்கு இரண்டு கண்டங்களில் இரண்டு உடைமைக் கதைகள். ஏதோ ஒரு நூலின் முதற்பாதி ஒரு மடத்திலும் பிற்பாதி இன்னொரு மடத்திலும் கிடந்து, இரண்டு மடமும் நூல் எங்களுடையது என்று வழக்காடுவதுபோல. 2014இல் இங்கிலாந்தில் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் ஏலம் போனது, ஏலத்துக்குப் பிறகும் வழக்கு தொடர்ந்தது. இத்தனையும் தகட்டில் அடித்த ஒரு சிறிய எண்ணுக்காக. எண்ணை வெட்டியெடுத்து வேறு உடலில் ஒட்டவைத்தால் கார் எது? உடலா, எண்ணா? இதில் தேர்ந்த கண்கள் பார்ப்பது எண்ணை மட்டுமல்ல. அடித்த அச்சின் ஆழம், எழுத்துரு, '3' என்ற இலக்கத்தின் வளைவு, சுற்றியிருக்கும் உலோகத்தின் வெல்டிங் ஆகியவற்றையும்தான்.

இன்னொன்று கொஞ்சம் இலகுவான கதை. 1969இல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' படத்தின் தொடக்கத்தில் ஆரஞ்சு நிற லம்போர்கினி மியூரா ஒன்று ஆல்ப்ஸ் மலைப்பாதையில் போகும். சுரங்கத்துக்குள் நுழைந்து புல்டோசரில் மோதி, பள்ளத்தில் தள்ளப்படும். உண்மையில் ஓடியது ஒரு கார், உருண்டது ஏற்கெனவே விபத்தில் நொறுங்கிய வேறொரு கார். ஓடியது எது என்று ஐம்பது வருடம் தேடினார்கள். 2019இல் லம்போர்கினியின் ஆவணப் பிரிவான போலோ ஸ்தோரிகோ, 3586 என்ற சேஸிதான் அது என்று சான்றளித்தது. ஆவணங்களோடு அவர்கள் நம்பியது பழைய ஊழியரான என்ஸோ மொருத்ஸியின் நினைவை. காரைப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோனவரும் ஓட்டியவரும் அவர்தான். விற்கவிருந்த காரின் வெள்ளைத் தோல் இருக்கைகள் அழுக்காகிவிடுமே என்று அவற்றைக் கழற்றிக் கருப்பு இருக்கைகளை மாட்டியிருக்கிறார்கள். தலைசாய்ப்பான்களை மாற்ற நேரமில்லை. படத்தில் கருப்பு இருக்கைக்கு மேலே வெள்ளைத் தலைசாய்ப்பான் தெரிகிறது.

இந்த வெள்ளைத் தலைசாய்ப்பான்தான் என் கட்டுரையின் மையம் என்று சொன்னால் சிரிக்கக்கூடாது. மூலத்தை நிரூபிப்பது பூரணத்துவம் அல்ல, அவசரம். ஒரு தொழிலாளியின் நேரமின்மை அரை நூற்றாண்டு கழித்துச் சாட்சியாகிறது.

இப்போது கண்காட்சிகளுக்கு வருவோம். இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் செர்னோப்பியோ என்ற ஊரில் வில்லா தெஸ்தே என்ற பழைய மாளிகை ஓட்டல். 1929இல் அங்கே முதன்முதலாக 'எழில் போட்டி' நடந்தது. இடையில் நின்றுபோய்ப் பிறகு புத்துயிர் பெற்றது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடப்பது இதைவிடப் பெரிது. புல்தரையில் கார்களை நிறுத்துகிறார்கள், நடுவர்கள் குனிந்து பார்க்கிறார்கள், மாலையில் ஒன்றுக்கு முதற்பரிசு. நெடுங்காலம் பரிசு வாங்கியவை புதிதைவிடப் புதிதாக இழைக்கப்பட்ட கார்கள். தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்திராத பளபளப்பு!

2014இல் பெபிள் பீச்சின் முதற்பரிசைப் பெற்றது 1954ஆம் வருடத்து ஃபெராரி 375 எம்எம். போருக்குப் பிந்தைய கார் ஒன்று அங்கே முதற்பரிசு பெறுவது 1968க்குப் பிறகு அதுவே முதல்முறை. ஃபெராரி ஒன்று பெறுவது அதுவே முதல்தடவை. சிறுபத்திரிகை வாசகருக்கு இதில் ஒரு தனி அதிர்ச்சி இருக்கிறது. அந்தக் காருக்கு அந்த உடலைக் கட்டச் சொன்ன முதலாளி ரொபர்த்தோ ரொஸ்ஸெலினி! 'ரோம், திறந்த நகரம்' எடுத்த அதே ரொஸ்ஸெலினி. நியோரியலிஸம் பற்றி நம் திரைப்பட சங்கங்களில் எவ்வளவு பேசியிருக்கிறோம், அதன் பிதாமகர் ஃபெராரிப் பிரியர் என்பதை யாரும் சொன்னதில்லை. (இதனால் படம் மோசமாகிவிடாது. ஆனால் மனுஷன் ஒற்றைப் பரிமாணமில்லை என்பது தெரிந்துகொள்ள வேண்டியதுதானே.) அந்த உடலைக் கட்டியவர் மோதெனா நகரத்து ஸ்கலியெத்தி. அவரிடம் பிறகு வருகிறேன்.

சமீப வருடங்களில் ரசனை திரும்பிவிட்டது. புதுப்பிக்காத, வண்ணம் உதிர்ந்த, இருக்கை கிழிந்த கார்களுக்கு மவுசு. 2024இல் பெபிள் பீச்சில் முதற்பரிசை வென்றது புதுப்பிக்கப்படாத 1934ஆம் வருடத்து புகாட்டி. பிரெஞ்சுக் கார்தான் என்றாலும் திசையைக் காட்டப் போதும். அந்தப் பிரிவிலிருந்து முதற்பரிசு போனது அதுவே முதல்முறை. புதுப்பிக்கும் பட்டறைகளும் இதற்கேற்ப மாறியிருக்கின்றன. அன்றைய தொழிற்சாலையில் வெல்டிங் கோணலாக இருந்ததென்றால் இன்றைக்கும் கோணலாகவே வைக்க வேண்டும். நேராக வைத்தால் நடுவர் புள்ளி குறைப்பார். அதாவது, 1960களில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் களைத்துப்போன ஒருவர் செய்த பிசகை இன்று பெரும் கூலி வாங்கும் ஒருவர் நிதானமாக நகலெடுக்கிறார். ஏடெழுதியவரின் பிழையைப் பதிப்பாசிரியர் போலிசெய்வதுபோல. களைப்பின் போலி. இப்படியொரு கலைவடிவத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இந்த இடத்தில்தான் சந்தையின் உள்முரண் தெரிகிறது. அதன் முழு மதிப்பும் உழைத்த கைகளின் தடயத்தில் இருக்கிறது. ஆனால் அது எழுதும் வரலாறு உடைமையாளர்களின் வரலாறு. நான் பார்த்த ஏலப் பட்டியல்களின் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான். முதல் முதலாளி, இரண்டாம் முதலாளி, எந்தப் பந்தயம், எந்த இடம், எந்தப் பரிசு. ஒரு வம்சாவளிப் பட்டியல், மெய்க்கீர்த்தி. இதில் கொடுங்கோலர்களுக்கும் இடமுண்டு, அவர்களால் விலை குறைவதுமில்லை. 1971இல் மியூராவின் அதிவேக வடிவமான எஸ்விஜே ஒன்று ஈரானின் ஷாவுக்குப் போனது. 1979 புரட்சிக்குப் பின் அரசு பறிமுதல் செய்தது. 1997இல் ஐரோப்பிய ஏலமொன்றில் ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜ் சுமார் 4,90,000 டாலருக்கு வாங்கினார். ஷாவின் கார் என்பது குறையாக அல்ல, அடைமொழியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. லம்போர்கினி நிறுவனத்தையே 1994இல் வாங்கிய இந்தோனேசியக் குழுமத்தின் பின்னால் இருந்தவர் சுகார்த்தோவின் மகன் டாமி. 1998இல், தகப்பனின் ஆட்சி கவிழ்ந்த அதே வருடம், அது ஜெர்மனியின் ஆவ்டி கைக்குப் போனது.

சரி, மோதெனாவுக்கு வருவோம். ஃபெராரியும் மஸெராட்டியும் அந்த வட்டாரத்தவை. இத்தாலியக் கம்யூனிஸ்டுகளின் கோட்டையும் அதே வட்டாரம்தான். மஸெராட்டி சகோதரர்களிடமிருந்து 1937இல் நிறுவனத்தை வாங்கி மோதெனாவுக்குக் கொண்டுவந்தவர் தொழிலதிபர் அதோல்ஃபோ ஓர்சி. அவருடைய இன்னொரு சொத்து 'ஃபோந்தெரியே ரியுனீத்தே' என்ற வார்ப்பாலை. ஆட்குறைப்புக்காக ஆலை கதவடைக்கப்பட்டு, தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி திறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டதை எதிர்த்து 1950 ஜனவரி 9 அன்று நகரமே வேலைநிறுத்தம் செய்தது. ஆலை வாசலில் போலீஸ் சுட்டதில் ஆறு பேர் செத்தார்கள். அப்பியானி, பெர்ஸானி, கியப்பெல்லி, கரஞானி, மலகோலி, ரொவாத்தி. மலகோலியின் சின்னத் தங்கையைக் கட்சித் தலைவர் தொலியாத்தியும் நில்டே யோத்தியும் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

1950களின் மஸெராட்டிப் பந்தயக் கார்கள் இன்று கோடிக்கணக்கில் போகின்றன. ஃபான்ஜியோ 1957 உலகப் பட்டத்தை வென்றது 250 எஃப் என்ற மஸெராட்டியில். ஒவ்வொரு சேஸிக்கும் எந்த நாள் எந்த ஓடுபாதையில் எந்த கியர் உடைந்தது என்பதுவரை வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. நான் படித்தவற்றில் அந்த ஜனவரி 9 இல்லை. சிலர் சொல்லக்கூடும், வார்ப்பாலை வேறு, கார் வேறு என்று. முதலாளி ஒருவர், ஊர் ஒன்று. ஒரு காரின் வரலாற்றில் அதன் மூன்றாம் உடைமையாளரின் விவாகரத்துவரை இடம்பெற முடியுமென்றால் இது இடம்பெறாததற்கு ஆவணப் பற்றாக்குறை காரணமில்லை.

இதை ஏழை-பணக்காரன் என்று இரண்டாகக் கிழித்துவிடவும் முடியாது. செர்ஜியோ ஸ்கலியெத்தியைப் பாருங்கள். தகப்பன் இறந்தபின் 13 வயதில் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். பிறகு சொந்தப் பட்டறை. வரைபடம் இல்லாமலே, மணல் மூட்டையின்மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித்தட்டிக் கண்ணளவில் உருவம் கொண்டுவந்தார். நம் பட்டறைகளில் டிங்கர் என்று சொல்கிறோமே, அந்த வேலை. ஒடுக்கெடுக்கிறவருக்குத் தெரியும், தகடு எங்கே இழுபடும், எங்கே சுருங்கும் என்பது விரல்நுனி அறிவு என்று. கையால் அடித்தவை என்பதால் ஒரே காரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சரியாக ஒத்துப்போவதில்லை. இந்த மனிதர் பட்டறை முதலாளியானார், பெயர் நிலைத்தது, 2011இல் 91 வயதில் இறந்தார். அவரோடு சுத்தியல் பிடித்த மற்றவர்கள் 'ஸ்கலியெத்தி' என்ற பெயருக்குள் கரைந்துபோனார்கள். 250 ஜிடிஓவின் உடலும் அந்தப் பட்டறையில்தான் தட்டப்பட்டது. அந்தக் காரைத் தொடங்கிய பொறியாளர் ஜியொத்தோ பித்ஸாரீனியோ, 1961இன் கடைசியில் பலரோடு சேர்ந்து ஃபெராரியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கார் வெளியுலகுக்குத் தெரியும்போது அவர் அங்கே இல்லை. இளைஞரான மௌரோ ஃபொர்கியேரி முடித்துக்கொடுத்தார்.

இப்போது 2019இல் பொலோஞா நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள். மோதெனாவில் ஒரு நிறுவனம் 250 ஜிடிஓ போன்ற கார்களைச் செய்யத் திட்டமிட்டதை எதிர்த்து ஃபெராரி வழக்குத் தொடர்ந்தது. 250 ஜிடிஓ ஒரு கலைப்படைப்பு, எனவே பதிப்புரிமைப் பாதுகாப்புக்கு உரியது என்றது நீதிமன்றம். விருதுகளும் பிரசுரங்களும் அதன் கலைமதிப்பை நிரூபிக்கின்றன என்பது வாதம். பந்தயக் கார் கிரேக்கச் சிலையைவிட அழகானது என்று மரினெட்டி 1909இல் முழங்கினார். சரியாக 110 வருடத்தில் நீதிமன்றமே காரைச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டது. அது கெடக்கட்டும். கலைப்படைப்பு என்றால் ஆசிரியன் வேண்டுமே, யார் அது? வெளியேறிய பித்ஸாரீனியா, முடித்த ஃபொர்கியேரியா, தட்டிய ஸ்கலியெத்தியா, பெயரில்லாத டிங்கர்களா? உரிமை போய்ச்சேர்ந்த இடம் நிறுவனம். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் இங்கே வாய்வலிக்கப் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே ஆசிரியன் சாகவில்லை. கம்பெனியாக மறுபிறவி எடுத்துவிட்டான்.

ரோலண்ட் பார்த்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1957இல் வெளிவந்த 'தொன்மங்கள்' நூலில் சித்ரோயன் காரைப் பற்றிய புகழ்பெற்ற குறிப்பில் அவர் காரைக் கோத்திக் தேவாலயங்களுக்கு ஒப்பிட்டார். பெயர் தெரியாத கலைஞர்கள் உருவாக்கி ஒரு சமூகமே பிம்பமாக நுகர்கிற பொருள் என்று. அழகான ஒப்பீடு. ஆனால் பெயரின்மையை அவர் ஏதோ காலத்தின் புகைமூட்டம்போல எழுதிவிட்டார். தேவாலயச் சிற்பியின் பெயர் எழுநூறு வருடத்தில் தொலைந்தது. கார்த் தொழிலாளியின் பெயர் அன்றைக்கே சம்பளப் பட்டியலில் இருந்தது.

கடைசியாக, தலைப்பில் உள்ள சொல். 1971 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் மஞ்சள் நிறத்தில் ஆப்புப்போல ஒரு லம்போர்கினி நின்றது. எல்பி 500, பெயர் 'குந்தாச்'. கதவுகள் பக்கவாட்டில் அல்ல, மேல்நோக்கித் திறந்தன. தூரின் அருகே பெர்த்தோனே நிறுவனத்தில் அதை வடித்தவர் மார்செல்லோ காந்தினி, மியூராவையும் வடித்தவர், 2024இல் காலமானார். 'குந்தாச்' என்பது அந்தப் பக்கத்துப் பியத்மாந்த் வட்டார மொழிச் சொல். அடியில் கொள்ளைநோய் என்ற பொருள், வழக்கில் வியப்பைக் காட்டும் சொல். நம் ஊரில் 'அட பேதில போவான்!' என்று பாராட்டாகவே சொல்வதில்லையா, அப்படி.

இந்தப் பெயர் வந்த விதத்துக்கு இரண்டு பாடங்கள் உண்டு. நெடுங்காலம் புழங்கிய பாடம்: முதலாளி நுச்சியோ பெர்த்தோனே காரை முதன்முதலில் பார்த்ததும் வாய்பிளந்து 'குந்தாச்!' என்றார். காந்தினி பின்னாளில் சொன்ன பாடம் வேறு. இரவிரவாக வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே பூட்டுகள் செய்யும் தொழிலாளி ஒருவர் இருந்தார். இரண்டு மீட்டர் உயரம், பிரம்மாண்டமான கைகள், நுணுக்கமான சின்னச்சின்ன வேலைகளெல்லாம் அவருடையவை. வட்டார மொழிதான் பேசுவார். வாயைத் திறந்தால் 'குந்தாச்'. தூக்கம் விழித்த கூட்டம் கிண்டலுக்காக, இதையே காருக்குப் பெயராக வைத்தாலென்ன என்றது. பக்கத்தில் எஞ்சின் வேலையில் இருந்த நியூஸிலாந்துக்காரர் பாப் வாலஸிடம் சொல்லிக் காட்டச் சொன்னார் காந்தினி. ஆங்கில நாக்கிலும் நன்றாகவே ஒலித்தது. பெயர் நிலைத்தது.

மூலபாடத் திறனாய்வில் ஒரு பழைய விதி: இரண்டு பாடங்களில் கடினமானது எதுவோ, எளிதில் யாரும் புனைந்திருக்க முடியாதது எதுவோ, அதுவே மூலத்துக்கு நெருக்கம். முதலாளி வியந்தார் என்பது யாரும் எழுதக்கூடிய வரி. பூட்டுச் செய்கிற ராட்சசக் கைக்காரரை யாரும் சும்மா கற்பனை செய்யமாட்டார்கள். நான் இரண்டாம் பாடத்தையே ஏற்கிறேன்.

ஆனால் காந்தினியின் அதே கூற்றில் இன்னொரு வரியும் இருக்கிறது, போகிறபோக்கில் சொன்னது. தொழிலாளர் கொந்தளிப்பு மிகுந்த காலம் அது. 1969இன் 'வெப்பமான இலையுதிர்காலம்' முடிந்து அதிக நாளாகவில்லை. ஃபியட் ஆலைகளில் தெற்கிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள் தூரினையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார்கள். எனவே வேலைநிறுத்தத்தில் சிக்கிவிடாமலிருக்க, க்ருலியாஸ்கோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் அதை ஒளித்துவைத்து வேலை செய்தார்களாம். உலகம் முழுக்கப் பையன்களின் அறைச் சுவர்களில் ஒட்டப்பட்ட அந்த உருவம் வேலைநிறுத்தத்துக்குப் பயந்து வைக்கோலோடு ஒளிந்திருந்த ஒன்று. பெயரோ ஒரு தொழிலாளியின் வாய்மொழி.

அந்த முதற்கார் இன்று இல்லை. விற்பனைக்கு வரப்போகும் காருக்குப் பாதுகாப்புச் சான்று வாங்குவதற்காக 1974இல் இங்கிலாந்தில் சுவரில் மோதவிட்டார்கள். மூலப்பிரதியை மோதியுடைத்து நகலுக்கு அனுமதி! பிறகு 2017இல் சேகரிப்பாளர் ஒருவர் அதை மறுபடி செய்துதரச் சொல்லிக் கேட்டார். போலோ ஸ்தோரிகோ புகைப்படங்கள், குறிப்புகள், பழைய ஆட்களின் நினைவுகள் எல்லாவற்றையும் திரட்டியது. டயர் விவரத்துக்குப் பிரெல்லியின் ஆவணக்காப்பகம், மஞ்சள் நிறத்துக்குப் பெயிண்ட் நிறுவனத்தின் கோப்புகள். உடலைப் பழைய முறைப்படியே கையால் தட்டினார்கள். 25,000 மணி நேரத்துக்கு மேல் வேலை. 2021 அக்டோபரில் வில்லா தெஸ்தேயின் புல்தரையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூல ஏடு எரிந்தபின் நினைவிலிருந்தும் மேற்கோள்களிலிருந்தும் கட்டிய பதிப்பு. அதைக் கள்ளம் என்று நான் சொல்லமாட்டேன். இத்தனை பொறுமையான தேடலைப் பார்த்தால் ஒரு தமிழ் மாணவனுக்குப் பொறாமைதான் வருகிறது.

தோழரிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தவர், 'அந்தக் கொட்டாயில ராத்திரி வேலை பாத்தவங்களுக்கு ஓவர்டைம் குடுத்தாங்களா?' என்று கேட்டார். பெயிண்டின் கோப்பு கிடைத்திருக்கிறது, டயரின் கோப்பு கிடைத்திருக்கிறது. புதிதாகச் செய்த கார் என்றாலும் கதவு இருக்கிறது, கதவில் பூட்டு இருந்தாக வேண்டும். அந்தப் பூட்டை முதலில் செய்தவரின் பெயர் காந்தினியின் கூற்றில் இல்லை. அவருடைய உயரம் இருக்கிறது, கையின் அளவு இருக்கிறது.